கயிற்றின் மறுமுனை

இலக்கியக் கூட்டங்களில் சில ஆண்டுகளாக ஓர் உவமை சுற்றிக்கொண்டிருக்கிறது. 'ஃப்ரீ சோலோ' என்ற ஆவணப்படம் 2018-இல் வெளிவந்து, அடுத்த ஆண்டு ஆஸ்கர் பரிசும் பெற்ற பிறகு புறப்பட்ட உவமை. கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கில் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்துக்கு நிமிர்ந்து நிற்கிறது எல் கேப்பிட்டன் என்ற கிரானைட் சுவர். 2017 ஜூன் 3 அன்று அலெக்ஸ் ஹானல்ட் அதில் கயிறின்றி, துணையின்றி ஏறினார். அவரே கலைஞனின் இலட்சிய உருவம் என்கிறது உவமை. கயிறு கட்டிக்கொண்டு ஏறுகிறவர்கள் இலக்கணக்காரர்கள். இன்னும் ஒரு படி இறங்கினால், உரையாசிரியர்கள். மரபு என்பது கயிறு, கலைஞன் என்பவன் அதை அறுத்தவன். நாங்கள் போயிருந்த ஒரு கருத்தரங்கில் ஒரே நாளில் மூன்று பேர் இதைச் சொன்னார்கள். மூன்றாமவர் 'கயிறு' என்று தொடங்கியபோதே எங்களுள் ஒருவர் எழுந்து தேநீர் குடிக்க வெளியே போய்விட்டார். மற்றவர்களும் சிறிது நேரத்தில் அவரைப் பின்தொடர்ந்தோம். இக்கட்டுரை அந்தத் தேநீர்க் கடையில் தொடங்கியது.

முதலில் ஓர் ஒப்புதல். எங்களில் எவரும் எல் கேப்பிட்டனில் ஏறியவர்கள் அல்லர். எங்களுக்குத் தெரிந்த பாறையேற்றம் பெரும்பாலும் வாசிப்பின் வழியாக வந்தது. ஆனால் அந்த உவமையைப் பரப்புகிறவர்களும் ஏறியவர்கள் அல்லர். அவர்கள் ஒரு படம் பார்த்தார்கள். நாங்கள் கொஞ்சம் கூடுதலாகப் படித்திருக்கிறோம். அந்தச் சிறிய அனுகூலத்தை வைத்துக்கொண்டு எங்களால் சொல்ல முடிவது இதுதான்: உவமை கலையைப் பற்றித் தவறாக இருக்கலாம், அதைத் தனியே பேசிக்கொள்ளலாம், பாறையேற்றத்தைப் பற்றி அது தவறு என்பதில் ஐயமே இல்லை. கயிறு என்றால் என்ன, அது யாரையெல்லாம் பிணைக்கிறது, அதன் மறுமுனையில் இருப்பவர் என்ன செய்கிறார் என்ற எதையும் அறியாமல் சொல்லப்பட்டது அது.

மரபான பாறையேற்றம் எப்படி நடக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறோம். ஒரு கயிறு, பெரும்பாலும் 60 மீட்டர். அதற்கு இரண்டு முனைகள், இரண்டு மனிதர்கள். முன்னவர் ஏறுகிறார். பின்னவர் தன்னைப் பாறையோடு பிணைத்துக்கொண்டு, கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கிறார். முன்னவர் ஏறும் வழியில் பாறையின் வெடிப்புகளில் சிறு உலோகத் துண்டுகளைச் செருகி, காரபைனர் எனப்படும் கொக்கி வளையத்தின் வழியாகக் கயிற்றை அவற்றில் மாட்டிக்கொண்டே போகிறார். கடைசியாகச் செருகியதிலிருந்து மூன்று மீட்டர் மேலே போய் வழுக்கினால் ஆறு மீட்டர் விழுவார். கயிறு இழுபடும் நீளமும் கூடச் சேரும். செருகியது சரியாக அமர்ந்திருந்தால், பின்னவர் கவனமாக இருந்தால், அங்கே தொங்குவார். இல்லாவிட்டால் இன்னும் கீழே.

ஒரு திட்டையோ நிற்க இடமோ வந்ததும் முன்னவர் நிற்கிறார், சில செருகிகளைச் சேர்த்து ஒரு நங்கூரம் அமைக்கிறார், மிச்சக் கயிற்றை மேலே இழுத்துக்கொள்கிறார். இப்போது பின்னவர் ஏற வேண்டும். ஏறிக்கொண்டே, முன்னவர் செருகிய ஒவ்வொன்றையும் கழற்றித் தன் இடுப்பில் மாட்டிக்கொண்டு வர வேண்டும். நீண்ட சுவர்களில் அவர் பெரும்பாலும் பாறையைப் பற்றாமல், கவ்விகளின் துணையால் கயிற்றிலேயே ஏறுவார். கழற்றும் வேலை மட்டும் மாறாது. அவர் மேலே வந்து சேரும்போது கீழே பாறை வெறுமையாக இருக்கும். இந்த ஒரு சுற்றுக்குப் பெயர் பிட்ச். எல் கேப்பிட்டனின் 'நோஸ்' தடத்தில் இப்படி ஏறத்தாழ 31 பிட்ச்கள் உண்டு. பல இணைகளில் ஒவ்வொரு பிட்ச்சிலும் பாத்திரங்கள் மாறும். பின்னவர் கழற்றி வந்த துண்டுகளோடு அப்படியே முன்னவராகித் தொடர்வார். சற்றுமுன் வரை முன்னவராக இருந்தவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து நிற்பார்.

இதில் எங்கே இருக்கிறது நண்பர்கள் சொல்லும் இலக்கணத்தின் அடிமைத்தனம்? இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 'மரபான' என்ற அடைமொழியே பின்னால் வந்தது. 1980-களில், முன்கூட்டியே துளையிட்டு போல்ட் அறைந்து வைத்த தடங்களில் ஏறும் விளையாட்டுப் பாணி பரவிய பிறகுதான், அதுவரை வெறும் ஏற்றமாக இருந்ததற்கு மரபு என்று பெயர் சூட்ட வேண்டியிருந்தது. அதோடு 'ஃப்ரீ' என்ற சொல்லையும் நம் பேச்சாளர்கள் குழப்பிக்கொள்கிறார்கள். பாறையேறிகளின் மொழியில் 'ஃப்ரீ' ஏற்றம் என்றால் கயிறில்லாத ஏற்றம் அன்று. ஆணியையோ செருகியையோ பற்றி உடலை இழுத்துக்கொள்ளாமல் கை கால்களால் மட்டுமே ஏறுவது. கயிறு இருக்கும், விழுந்தால் தாங்குவதற்கு மட்டும். கயிறே இல்லாதது அதில் ஓர் உட்பிரிவு, மிகச் சிலர் மட்டும் செய்வது. உட்பிரிவைக் காட்டி முழுமையை இகழ்வது எந்தத் துறையிலும் வாசிப்பின்மையின் அடையாளமே.

இனி வரலாற்றுக்கு வருவோம். எல் கேப்பிட்டனின் கிரானைட் சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலத்தடியில் மெல்லக் குளிர்ந்து உறைந்த பாறைக்குழம்பு. பின்னர் மேலே இருந்தவை அரிக்கப்பட்டு, பனியாறுகள் பள்ளத்தாக்கைக் குடைந்து, சுவர் வெளிப்பட்டது. அதன் வெடிப்புகளே ஏறுபவனுக்கு வழி. வெடிப்பு இல்லாத வெற்றுப் பரப்பு வந்தால் வழி முடிந்தது. அல்லது துளையிட வேண்டும். யோசெமிட்டியின் பெரும் சண்டைகள் எல்லாம் இந்த 'அல்லது'வைச் சுற்றியே நடந்திருக்கின்றன. பாறை எதையும் தராத இடத்தில் நாம் என்ன செய்வது?

ஐரோப்பாவில் அந்நாளில் மெல்லிரும்பு ஆணிகளை வெடிப்பில் அறைவார்கள். அவை வெடிப்பின் வடிவத்துக்கு நெளிந்து அமர்ந்துவிடும். அங்கேயே விட்டுவிட்டு வருவார்கள். யோசெமிட்டியில் ஜான் சாலத்தே என்ற சுவிட்சர்லாந்துக் கொல்லர் 1940-களில் கடின எஃகில் ஆணி செய்தார். அறையலாம், அடித்துக் கழற்றலாம், மறுபடியும் அறையலாம். இதிலிருந்து ஓர் அறம் பிறந்தது: பின்னவர் எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு வர வேண்டும், அடுத்து வருபவருக்குச் சுவர் முதல்முறை போலவே இருக்க வேண்டும். நல்ல அறம்தான். ஆனால் ஒரே வெடிப்பில் நூறு இணைகள் ஆணி அறைந்து, நூறு இணைகள் அடித்துக் கழற்றினால் என்ன ஆகும்? வெடிப்பின் விளிம்பு சிதைந்து, வரிசையாகக் குழிகள் விழுந்தன. எதையும் விட்டுவிடக் கூடாது என்ற தூய எண்ணமே பாறையைத் தின்றது. இதை எண்ணி நாங்கள் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்திருக்கிறோம். நல்லெண்ணம் மட்டும் போதாது என்பதற்கு இதைவிடக் கூர்மையான சான்று பாறையேற்றத்தில் வேறில்லை.

வாரன் ஹார்டிங்கை இங்கே கொண்டுவர வேண்டும். அவரைப் பிடிக்காதவர்களுக்கும் அவரை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்ல இயலாது. எங்களுக்கு அவரைப் பிடிக்கும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். 1957 ஜூலையில் 'நோஸ்' தடத்தைத் தொடங்கினார். கோட்டையை முற்றுகையிடுவது போல, கயிறுகளைச் சுவரிலேயே நிரந்தரமாகக் கட்டிவைத்து, இறங்கி வந்து, மீண்டும் போய், ஒன்றரை ஆண்டுக் காலத்தில் மொத்தம் 45 நாட்கள் ஏறினார். பழைய அடுப்புகளின் கால்களை வெட்டி அகன்ற வெடிப்புகளில் ஆணியாக அறைந்த பகுதிக்கு இன்றும் 'ஸ்டவ்லெக்' வெடிப்பு என்றே பெயர். 1958 நவம்பரில், கடைசி இரவு முழுவதும், வெளியே துருத்திய உச்சிச் சுவரில் நெற்றி விளக்கின் ஒளியில் 28 துளைகளைக் கையால் குடைந்து போல்ட் அறைந்து, 12-ஆம் தேதி காலை உச்சிக்கு வந்தார். அந்த இரவு முழுவதும் கயிற்றின் மறுமுனையிலும் ஒரு மனிதர் விழித்திருந்தார். வேய்ன் மெர்ரி, ஜார்ஜ் விட்மோர் என்ற இரு பெயர்களும் ஏற்றப் பதிவில் ஹார்டிங்கின் பெயருக்குப் பின்னால் இருக்கின்றன. எத்தனை பேர் அந்த வரியை முடிவு வரை படிக்கிறார்கள் என்று தெரியவில்லை.

ராயல் ராபின்ஸ் இதற்கு மறுதுருவம். 1960-இல் மூன்று நண்பர்களோடு அதே 'நோஸை' ஏழு நாட்களில், நடுவில் இறங்காமல், ஒரே மூச்சாக ஏறிக் காட்டினார். 1961-இல் சக் பிராட், டாம் ஃப்ராஸ்ட் இருவருடன் அதே சுவரின் வேறொரு பக்கத்தில் புதிய தடத்தை அமைத்தார்; அதற்குப் பழைய கொல்லரின் நினைவாகச் சாலத்தே சுவர் என்று பெயர். முழுத் தடத்துக்கும் 13 போல்ட்கள்தாம். ஹார்டிங்கின் 'நோஸில்' ஏறத்தாழ 125. இந்த எண்களின் வேறுபாட்டில் ஒரு விமர்சனம் அடங்கியிருந்தது. யோசெமிட்டியில் இருந்த எல்லோருக்கும் அது புரிந்தது. ஹார்டிங்குக்கும் புரிந்தது.

பிறகு 1970. ஹார்டிங்கும் டீன் கால்ட்வெல்லும் எல் கேப்பிட்டனில் விடியலொளி முதலில் விழும் பக்கத்தில், வெடிப்புகள் மிகக் குறைந்த சுவரில், 27 நாட்கள் தொங்கினார்கள். முந்நூறுக்கும் மேற்பட்ட துளைகள். புயல் வந்தது, உணவு தீர்ந்தது, மேலிருந்து மீட்புக் குழு இறங்கியது. வேண்டாம் என்று திருப்பி அனுப்பினார்கள். உச்சியில் செய்தியாளர்கள் காத்திருந்தார்கள். ராபின்ஸுக்குப் பொறுக்கவில்லை. 1971-இன் தொடக்கத்தில் டான் லாரியாவுடன் அதே தடத்தில் ஏறத் தொடங்கி, ஏறிக்கொண்டே ஹார்டிங்கின் போல்ட்களை உளியால் வெட்டி எறிந்துகொண்டே போனார். எங்களைப் பொறுத்தவரை பாறையேற்ற வரலாற்றின் மிக அசாதாரணமான இலக்கிய விமர்சனம் இதுதான்: மூலத்தை வரிவரியாக வாசித்து, வாசித்த வரியை அழித்துக்கொண்டே போகும் விமர்சகர்.

ஆனால் சில பிட்ச்களுக்குப் பின் ராபின்ஸ் வெட்டுவதை நிறுத்திவிட்டார். போல்ட்களுக்கு இடைப்பட்ட பகுதிகளில் ஹார்டிங் செய்திருந்த வேலை தான் எண்ணியதைவிட மிகக் கடினமானது, தரமானது என்பதைக் கண்டுகொண்டார். அழிக்க வந்தவர், பின்னால் ஏறியதாலேயே, அந்த மனிதரின் திறனைக் கண்டார். உச்சி வரை ஏறினார், மிச்சத்தை விட்டுவிட்டு. இந்த இடத்தில் ராபின்ஸ் மீது எங்களுக்கு வரும் மதிப்பு, 13 போல்ட்களுக்காக வருவதைவிட அதிகம். தரையில் நின்றிருந்தால் அவர் கடைசிவரை சரியாகவே இருந்திருப்பார்.

இந்தச் சண்டையின் நடுவே, சத்தமில்லாமல், உண்மையான மாற்றம் வந்துகொண்டிருந்தது. பிரிட்டனில் ஏறிகள் வெடிப்பில் கூழாங்கல்லைச் செருகி அதில் கயிற்றுத் துண்டைச் சுற்றிக்கொள்ளும் பழக்கம் பழையது. பின்னர் ரயில் பாதையோரம் கிடைத்த நட்களின் மறையை அரத்தால் தேய்த்துவிட்டு, துளையில் கயிறு கோத்துச் செருகினார்கள். அதுவே பிற்காலத்தில் இதற்கெனவே வார்க்கப்பட்ட ஆப்பு வடிவ நட் ஆயிற்று. சுத்தியல் வேண்டாம். விரலால் செருகலாம், விரலால் எடுக்கலாம். வெடிப்பு கீழ்நோக்கிக் குறுகும் இடத்தைக் கண்டுபிடிக்கத் தெரிய வேண்டும், அவ்வளவே. அறைபவனுக்குப் பாறையைப் படிக்கத் தேவையில்லை. செருகுபவன் படித்தே ஆக வேண்டும். பிரிட்டனில் இதைப் பார்த்துவந்த ராபின்ஸ், 1967-இல் தன் மனைவி லிஸ் ராபின்ஸுடன் யோசெமிட்டியில் நட்களை மட்டுமே கொண்டு ஒரு தடத்தை ஏறினார். அதற்கு 'நட்கிராக்கர்' என்று பெயர்.

இவோன் ஷூனார்டின் பங்கு இன்னும் சுவையானது. அவர் ஆணி விற்றுப் பிழைத்தவர். 1970 அளவில் அமெரிக்காவின் மிகப் பெரிய பாறையேற்றக் கருவி நிறுவனம் அவருடையது. கூட்டாளி டாம் ஃப்ராஸ்ட். சில கோடைகளுக்கு முன் பழுதில்லாமல் பார்த்த 'நோஸ்' சிதைந்து கிடப்பதைக் கண்டபின் ஆணித் தொழிலையே படிப்படியாகக் கைவிட முடிவுசெய்தார்கள். 1972-இல் வெளிவந்த அவர்களுடைய விலைப்பட்டியல் தொடக்கத்திலேயே ஆணியின் தீமையைப் பேசியது; நட் செருகும் கலையைப் பற்றி டக் ராபின்சன் எழுதிய நீண்ட கட்டுரை அதில் இடம்பெற்றது. ஒரு வணிகர் தன் முதன்மைச் சரக்கை வாங்காதீர்கள் என்று தன் விலைப்பட்டியலிலேயே அச்சிடுகிறார். சில மாதங்களில் ஆணி விற்பனை சரிந்தது, நட்கள் செய்துமுடிப்பதற்குள் விற்றன. இதையும் ஒரு விற்பனைத் தந்திரம் என்று சொல்லும் நண்பர்கள் எங்களிடமே உண்டு. இருக்கட்டும். 1973-இல் ஷூனார்டும் புரூஸ் கார்சனும் சுத்தியலை எடுத்துக்கொள்ளாமலே 'நோஸில்' ஏறி இறங்கினார்கள். அது தந்திரமன்று.

நட் வந்ததும் முன்னவரின் வேலை மட்டும் மாறவில்லை, பின்னவரின் இடமும் மாறியது. ஆணிக் காலத்தில் பின்னவர் சுத்தியல்காரர். நட் காலத்தில் அவர் கையில் மெல்லிய உலோகக் கோல் ஒன்று. அதை வெடிப்புக்குள் விட்டு, செருகியிருப்பதைத் தட்டி, நெம்பி, எந்தத் திசையில் உள்ளே போயிற்றோ அதே திசையில் வெளியே கொண்டுவர வேண்டும். முன்னவர் அதன் மேல் விழுந்திருந்தால் அது இறுகிப் போயிருக்கும். அரைமணி நேரம் ஒரு விரற்கடைத் துண்டோடு தொங்கிக்கொண்டு போராடி, முன்னவரின் முன்னோர் வரை வைது தீர்க்கும் பின்னவர்களைப் பற்றிய கதைகள் நிறைய உண்டு.

ஆனால் இதனாலேயே பின்னவருக்கு மட்டும் தெரிந்த ஒன்று இருக்கிறது. முன்னவர் எதை நம்பி ஏறினாரோ அதை அவர் தொட்டுப் பார்க்கிறார். இது நன்றாக அமர்ந்திருந்தது. இது வெறும் மனச்சாந்திக்கு. இதோ, இது கயிற்றின் அசைவிலேயே கழன்று தொங்கிக்கொண்டிருக்கிறது. இதை நம்பித்தான் மனிதர் அந்த ஐந்து மீட்டரைக் கடந்திருக்கிறார். முன்னவர் அறியாத தன் பிழையைப் பின்னவர் அறிவார். திட்டில் சந்திக்கும்போது சொல்வார், அல்லது சொல்லாமல் அந்தத் துண்டைக் கையில் கொடுப்பார். கருத்தரங்கில் உரையாசிரியர் என்ற சொல் வசையாகச் சொல்லப்பட்டது அல்லவா? பரிமேலழகரும் நச்சினார்க்கினியரும் செய்த வேலை இதற்கு எவ்வளவு நெருக்கமானது என்பதை அந்த மூன்று பேச்சாளர்களும் ஒருமுறை யோசித்துப் பார்க்கலாம். வசையை நாங்கள் அப்படியே ஏற்றுக்கொள்கிறோம்.

எங்கள் வாதத்துக்கு உதவாத செய்திகளும் உண்டு. ரே ஜார்டின் என்ற விண்வெளிப் பொறியாளர், விசையால் விரியும் கேம் கருவியை உருவாக்கினார். அதன் இதழ்கள் ஒரு சுருள்வளைவில் வெட்டப்பட்டவை. எவ்வளவு விரிந்தாலும் பாறையைத் தொடும் கோணம் 13.75 பாகை மாறாமல் இருக்கும், இழுக்க இழுக்க இறுகும். நட் நிற்காத இணைவிளிம்பு வெடிப்புகளிலும் இது நிற்கும். விசையை இழுத்தால் தடயமின்றி வெளியே வரும். 1978-இல் 'ஃப்ரெண்ட்ஸ்', அதாவது நண்பர்கள், என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. பாறையைக் காயப்படுத்தாத கருவிகளில் இதற்கு இணை அதுவரை இல்லை. அதே ஜார்டின் 1980-களின் தொடக்கத்தில், 'நோஸை' கைகால்களால் மட்டும் ஏறிவிடும் ஆசையில், ஒரு வெற்றுப் பரப்பின் குறுக்கே உளியால் பிடிகள் செதுக்கினார். தூய கருவியைத் தந்த கையே செதுக்கவும் செய்தது. பிறகு அந்த முயற்சியைக் கைவிட்டுவிட்டார்.

செதுக்கிய பிடிகள் கைவிடப்படவில்லை. 1993-இல் லின் ஹில் 'நோஸை' முழுவதும் கைகால்களால் ஏறிய முதல் மனிதர் ஆனார். 1994-இல் அதையே ஒரு நாளுக்குள் செய்தார். ஆண்கள் ஆண்டுக்கணக்கில் முயன்று தோற்ற சுவர் அது. அவரது தடமும் ஜார்டின் செதுக்கிய குறுக்குவழியைக் கடந்தே போகிறது. அதேபோல, பழைய ஆணிகள் உண்டாக்கிய குழிகள் 'செரினிட்டி' வெடிப்பு போன்ற இடங்களில் இன்று விரல் நுழையும் பிடிகளாகப் பயன்படுகின்றன. காயத்தைப் பற்றித்தான் ஏறுகிறார்கள். தூய்மைவாதிகளுக்கு இவை சங்கடமானவை. எங்களுக்கும்தான். தூய்மை எங்கள் கட்சியில்லை என்பதால் கொஞ்சம் குறைவான சங்கடம். 1993-இல் லின் ஹில்லின் கயிற்றின் மறுமுனையில் இருந்தவர் பெயர் ப்ரூக் சாண்டால்.

இப்போது ஹானல்டுக்குத் திரும்பலாம். அவர் செய்ததைச் சிறுமைப்படுத்துவது எங்கள் நோக்கமன்று. 3 மணி 56 நிமிடத்தில் அவர் செய்ததை நினைக்கும்போதே உள்ளங்கை வியர்க்கிறது. ஆனால் அவர் ஏறியது என்ன? 'ஃப்ரீரைடர்' என்ற தடம். அது ராபின்ஸும் பிராட்டும் ஃப்ராஸ்டும் 1961-இல் கயிற்றோடு தேடிக் கண்ட சாலத்தே சுவரின் ஒரு கிளை. 1998-இல் ஹூபர் சகோதரர்கள் கயிற்றோடு ஏறி அமைத்தது. ஹானல்ட் அதன் கடினமான ஒவ்வோர் அசைவையும் மாதக்கணக்கில் கயிற்றோடு பயின்றார். மறுமுனையில் டாமி கால்ட்வெல் போன்றவர்கள் இருந்தார்கள். அந்தக் காலை அவர் தனியாக ஏறியதை நாம் கண்டோமே, எப்படிக் கண்டோம்? அவருக்கு மேலேயும் பக்கவாட்டிலும் கயிறுகளில் தொங்கிக்கொண்டிருந்த ஒளிப்பதிவாளர்கள் காட்டியதால். அவர்கள் எல்லோரும் தேர்ந்த பாறையேறிகள். கயிறறுத்த கலைஞனைப் பற்றிய படத்தின் ஏற்றக் காட்சிகளில் பல கயிற்றிலிருந்து எடுக்கப்பட்டவை. படம் இதை மறைக்கவும் இல்லை. மறந்தவர்கள் நம் பேச்சாளர்கள்.

அடுத்த ஆண்டு, 2018 ஜூன் 6 அன்று, அதே ஹானல்டும் கால்ட்வெல்லும் ஒரே கயிற்றில் இணைந்து 'நோஸை' இரண்டு மணி நேரத்துக்குள் ஏறி முடித்தார்கள். அதற்குச் சில நாட்கள் முன்புதான், அனுபவம் மிக்க இருவர், அதே எல் கேப்பிட்டனில், ஒரே கயிற்றில் பிணைந்தபடி விழுந்து இறந்திருந்தார்கள். கயிறு காப்பாற்றும் என்று நாங்கள் வாக்குறுதி தரவில்லை. இருவரைப் பிணைக்கும் எதுவும் இருவரையும் கொண்டுபோகவும் கூடும். கயிற்றைக் கோழைகளின் ஊன்றுகோல் என்கிறவர்கள் இதை எண்ணிப் பார்த்ததில்லை. தனியாக ஏறுபவன் தன் உயிரை மட்டுமே வைத்து ஆடுகிறான்.

தனியேற்றத்தின் மிகப் பெரிய முன்னோடி ஜான் பாக்கர், 1981-இல், ஒரு முழு நாள் தன்னைப் பின்தொடர முடிகிறவருக்குப் பத்தாயிரம் டாலர் பரிசு என்று அறிவித்தார். யாரும் வரவில்லை. தன்னைப் பின்தொடர ஆளில்லை என்பதே அந்த அறிவிப்பின் பெருமிதம். அவரும் பிற தடங்களில் கயிற்றோடு ஏறியவர், கீழிருந்து மேலே ஏறியே போல்ட் அறைய வேண்டும் என்ற மரபில் கண்டிப்பானவர். 2009 ஜூலையில் தனியே ஏறும்போது விழுந்து இறந்தார். அவரது திறமையில் ஐயமில்லை. அந்த அறிவிப்பைப் படிக்கும்போது எங்களுக்குப் பெருமிதத்தைவிடத் தனிமைதான் தெரிகிறது. இது எங்கள் வாசிப்பு, மறுக்கலாம்.

எதிர்ப்பக்கத்தில் நிற்கும் காட்சி 2015-இன் தொடக்கத்தில் நடந்தது. ஹார்டிங் முந்நூறு துளைகள் இட்ட அதே விடியல் சுவரில், டாமி கால்ட்வெல்லும் கெவின் ஜார்ஜசனும் கைகால்களால் மட்டும் ஏற முயன்றார்கள். 2014 டிசம்பர் 27 அன்று தொடங்கினார்கள். 15-ஆவது பிட்ச்சில் ஜார்ஜசன் நாட்கணக்கில் விழுந்துகொண்டே இருந்தார். விரல்நுனித் தோல் கிழிந்து, ஆறக் காத்திருந்து, மறுபடி விழுந்தார். கால்ட்வெல் ஏற்கெனவே அதைக் கடந்துவிட்டார். 2001-இல் இடக்கைச் சுட்டுவிரலின் பெரும்பகுதியை விபத்தில் இழந்தவர் அவர். பல ஆண்டுகள் இந்த ஒரே தடத்துக்காக உழைத்தவர். வானிலை எப்போதும் மாறலாம். தனியே மேலே போயிருந்தால் எவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். போகவில்லை, காத்திருந்தார். ஜனவரி 14 அன்று இருவரும் சேர்ந்து உச்சிக்கு வந்தார்கள். கலைஞனுக்கு உவமை தேடுகிறவர்கள் இந்தக் காத்திருப்பை ஏன் எடுத்துக்கொள்வதில்லை? நம் செய்தி மொழியில் மலைகளுக்கு வாய்த்த வினை ஒன்றே ஒன்று: வெல்லப்படுதல். காத்திருத்தல் அந்த வினைக்குள் அடங்குவதில்லை.

அமெரிக்காவில் சண்டை ஓயவில்லை. 1964-ஆம் ஆண்டின் காட்டுநிலச் சட்டம் தடைசெய்த 'நிறுவுதல்' என்பதில் பாறையில் பொருத்திய நங்கூரங்களும் அடங்குமா என்ற கேள்வியை 2023 நவம்பரில் அரசுத் துறைகளே கிளப்பின. 2025 ஜனவரியில் கையெழுத்தான ஒரு சட்டம், அவற்றுக்கு இடமுண்டு என்ற பக்கம் சாய்ந்தது. எங்கள் சாய்வும் அதுதான். இறங்குவதற்கு ஒரு போல்ட் இருக்கும் இடத்தில், ஒரு மரத்தைச் சுற்றிச் சுற்றிக் கயிறு கட்டி அதைச் சாகடிக்க வேண்டியதில்லை. சுழியமே இலக்கு என்பவர்கள், சாலத்தேயின் எஃகு ஆணிக்கு நேர்ந்ததை மறந்தவர்கள்.

எல் கேப்பிட்டன் என்ற பெயரின் கதையோடு நிறுத்திக்கொள்கிறோம். ஆவானீச்சி மக்களை விரட்ட 1851-இல் பள்ளத்தாக்கில் நுழைந்த படையினர் இட்ட பெயர் அது. ஸ்பானிய மொழியில் தலைவன், தளபதி. அங்கிருந்தவர்கள் அந்தப் பாறையை டுடோகனுலா என்றார்கள். அதற்கொரு கதை உண்டு, பல வடிவங்களில். ஒன்றில், இரு சிறுவர்கள் ஒரு பாறை மேல் படுத்து உறங்கிவிடுகிறார்கள். பாறை வளர்ந்து வானத்தைத் தொடுகிறது. கீழே தேடுகிறவர்கள் தவிக்கிறார்கள். விலங்குகள் ஒவ்வொன்றாகப் பாய்ந்து பார்க்கின்றன. எலி ஒரு சாண், கரடி கொஞ்சம் அதிகம், சிங்கம் இன்னும் கொஞ்சம், எல்லாம் விழுகின்றன. கடைசியில் ஒரு புழு வருகிறது. நம் ஊரில் காவடிப்புழு என்போமே, உடலை வளைத்து வளைத்து முழம்போட்டு நகருமே, அது. அது மட்டும் ஏறிப் போகிறது. அந்தச் சுவரின் முதல் ஏற்றப் பதிவு, எங்களுக்குத் தெரிந்தவரை, இதுதான்.

எங்களுள் ஒருவர், தேநீருக்கு எழுந்து போனவரேதான், முன்பு கலிஃபோர்னியாவில் வேலைபார்த்த நாட்களில் ஓர் இலையுதிர்கால இரவு அந்தச் சுவருக்கு எதிரே உள்ள புல்வெளியில் நின்றிருக்கிறார். கறுப்புக்குள் பாதி உயரத்தில் இரண்டு நெற்றி விளக்குகள். மேல் விளக்கு வெகுநேரம் அசையாமல் நின்றது. கீழ் விளக்கு கொஞ்சம் ஏறும், நிற்கும். மறுபடி கொஞ்சம் ஏறும், நிற்கும். களைத்துப்போன யாரோ ஒருவர் அடிக்கடி ஓய்வெடுத்துக்கொள்கிறார் என்று நினைத்துக்கொண்டு, குளிர் பொறுக்காமல், வண்டிக்குத் திரும்பிவிட்டாராம்.